வாகீசனுக்கு ஓர் அகப்பை

ஓர் அகப்பை சூப் மிஞ்சியதால் எட்டு மாதம் பனி கொட்டிய ஊர் கிரௌபாக். ஜெர்மனியின் தெற்கே, தேவதாரு மலைகள் மூன்று பக்கமும் நெருக்கி நிற்க, நாலாவது பக்கத்தால் ஒரு பஸ் மட்டும் வந்து திரும்பிப் போகிற சின்ன ஊர். அங்கே சாப்பிட உட்காருகிற எவரும் கோப்பையில் ஒரு துளி மிச்சம் வைப்பதில்லை; ரொட்டித் துண்டால் கோப்பையைத் துடைத்து, அந்தத் துண்டையும் வாயில் போட்டுக்கொண்டுதான் எழும்புவார்கள். கோப்பையும் சட்டியும் காலியானால்தான் நாளைக்கு வெயில் எறிக்கும் என்று தாய்மார் பிள்ளைகளுக்குச் சொல்லி, அந்தப் பிள்ளைகள் தாய்மாராகித் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி, முந்நூறு வருடம் ஆகிவிட்டது. அது உண்மையா என்று ஒருவருக்கும் தெரியாது. முந்நூறு வருடமாக ஒருவரும் மிச்சம் வைத்துப் பார்த்ததில்லை.

தவமலர் ஒரு நவம்பர் மாதம் அந்த பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஐம்பத்திரண்டு வயது. கிளிநொச்சியில் பிறந்து, சண்டைக்குத் தப்பி வந்து, பெரிய நகரம் ஒன்றில் பன்னிரண்டு வருடம் ஆஸ்பத்திரித் தரை துடைத்து முழங்கால் தேய்ந்தவள். கிரௌபாக் தேவாலய மண்டபத்தில் குளிர்காலம் முழுவதும் ஊருக்கு மதியச் சூப் கொடுப்பார்கள், அதற்கு ஒரு சமையல்காரி தேவை என்று கேள்விப்பட்டு வந்திருந்தாள். ரொட்டி சுடுகிற வெதுப்பகத்துக்கு மேலே, மூன்றாம் மாடியில், கூரை சரிந்த ஓர் அறை கிடைத்தது. நடந்தால் தலை இடிக்கும். நின்றால் யன்னலால் ஊர்க் கூரை முழுவதும் தெரியும். அவள் நிற்கிற ஆள்தான். பதினாறு வருடமாக அவள் ஒரு கதிரையில் முழுதாக உட்கார்ந்ததில்லை. விளிம்பில் குந்தி, யாரோ கூப்பிட்டதுபோல எழும்பி, வாசலைப் பார்த்துவிட்டு வருவாள்.

மண்டபத்துக்குப் பொறுப்பு ஹன்னலோர். எழுபத்திரண்டு வயது, தேவதாரு மாதிரி நெடிய பெண், அகப்பையைக் கையில் வைத்துக்கொள்ளாமல் அவளுக்குப் பேச வராது. அந்த ஊரார் பேசுகிற ஜெர்மன் தவமலரின் காதில் எப்படியோ கிளிநொச்சித் தமிழாகவே விழுந்தது. நாளாக ஆக அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

திங்கட்கிழமை பருப்புச் சூப், இறக்கிய பிறகுதான் வினாகிரி விட வேண்டும். செவ்வாய் உருளைக்கிழங்கு, லீக்ஸும் செலரிக் கிழங்கும் சேர்த்து அவித்து, பாதியை மசித்து, மர்ஜோரம் இலையை உள்ளங்கையில் கசக்கித் தூவ வேண்டும். புதன் மாட்டெலும்புச் சாற்றில் ரவை உருண்டைகள், இரண்டு கரண்டிக்கு நடுவே உருட்டி, கொதிக்கவிடாமல் மெல்ல வேகவிட வேண்டும், கொதித்தால் கரைந்துபோகும். வியாழன் பட்டாணிப் பருப்பும் புகையூட்டிய பன்றி இறைச்சியும். வெள்ளிக்கிழமை ஹன்னலோர் மாவும் முட்டையும் பாலும் அடித்து, கல்லில் மெல்லிசாக வார்த்து, சுருட்டி, நூல் நூலாக நறுக்கிச் சாற்றுக்குள் போட்டபோது தவமலர் அடக்க மாட்டாமல் கேட்டாள்.

“தோசையை வெட்டிச் சூப்புக்குள்ள போடுறியளோ?”

“தோசை எண்டால்?”

“இதுதான். கொஞ்சம் புத்தியோட.”

ஹன்னலோர் அகப்பையை நீட்டிக் காட்டினாள். “புத்தி இருந்தால் நீ ஏன் இந்தக் குளிருக்குள்ள வந்தனி?” இரண்டு பேரும் அன்றுதான் சிநேகிதமானார்கள்.

முதல் நாள் நாற்பத்து மூன்று பேர் வந்து குடித்துவிட்டுப் போனபின், ஹன்னலோர் பெரிய சட்டியைச் சாய்த்து வழித்துத் துடைத்தாள். துடைப்பதற்கு முன்பே தவமலர் அதிலிருந்து ஓர் அகப்பையை மூடி போட்ட சின்னச் சட்டி ஒன்றுக்குள் எடுத்துத் தன் பைக்குள் வைத்துவிட்டாள். அறைக்குக் கொண்டுபோய் யன்னல் விளிம்பில் வைத்தாள். மறுநாள் புதிய அகப்பை வந்த பிறகுதான் பழையதைப் பின்வளவில் ஊற்றினாள். சட்டி ஒரு நிமிடமும் வெறுமையாக இருக்கவில்லை. நகரத்தில் இருந்தபோதும் அவள் தினமும் இப்படித்தான் செய்தாள். அங்கே ஆயிரம் வீடுகளில் ஆயிரம் கோப்பைகளில் மிச்சம் கிடந்தது, வானம் கணக்கெடுக்கவில்லை. கிரௌபாக்கில் முந்நூறு வருடத்தில் அதுதான் முதல் மிச்சம். அன்றிரவு பனி தொடங்கியது.

நவம்பரில் பனி பெய்தால் யார் கவலைப்படுவார்கள். டிசம்பரில் சந்தோஷப்பட்டார்கள், ஜனவரியில் பழகினார்கள், பெப்ரவரியில் முணுமுணுத்தார்கள். உயிர்த்த ஞாயிறுக்குப் பிள்ளைகள் வர்ண முட்டைகளைப் பனியில் தோண்டித் தேடினார்கள். ஏப்ரலில் தெற்கேயிருந்து திரும்பி வந்த நாரைகள் தேவாலயக் கோபுரத்தில் ஒற்றைக்கால் மாற்றி ஒற்றைக்காலில் நடுங்கி நின்றதைப் பார்த்து ஊர்ப் பெண்கள் அவற்றுக்குச் சிவப்புக் கம்பளி நூலில் முழங்கால்வரை காலுறை பின்னிப் போட்டார்கள். நாரைகள் ஒன்றும் சொல்லவில்லை. தேனீ வளர்க்கிறவர் பெட்டிகளைத் தன் படுக்கையறைக்குக் கொண்டுபோய், அவற்றின் ரீங்காரம் இல்லாவிட்டால் இனி நித்திரை வராது என்றார். மே மாதம் கம்பம் நட்டு, கையுறையோடு கைகோத்து, அதைச் சுற்றி ஆடினார்கள். மலைக்கு அப்பால் அடுத்த ஊரில் செர்ரி பூத்திருந்தது. பஸ் அங்கேயிருந்து வெயிலோடு கிளம்பி, வளைவு திரும்பியதும் விளக்கைப் போட்டுக்கொண்டு வெள்ளைக்குள் புகுந்தது.

ஊர்ச் சபையின் பனி தள்ளும் வண்டியை ஓட்டியவர் சபா அண்ணை. பருத்தித்துறைக்காரர், முப்பத்தைந்து வருடமாக அந்த ஊரில் இருக்கும் ஒரே தமிழர். தவமலர் வந்ததால் இரண்டாகியது. மே மாத முடிவில் ஒரு காலை அவர் வெதுப்பக வாசலில் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

“தங்கச்சி, ஒண்டு கேட்டால் கோவிக்கமாட்டியோ?”

“கேளுங்கோ அண்ணை.”

“ஒவ்வொரு விடியவும் பாக்கிறன். பனி வேற இடத்தில தொடங்கிறேல்ல. உன்ர கூரைக்கு மேலதான் சுத்தித் தொடங்குது, பிறகுதான் ஊருக்குப் பரவுது. நீ என்ன, குளிர்பெட்டியைத் திறந்து வைச்சிட்டுப் படுக்கிறனியோ?”

“சட்டியில கொஞ்சம் மிச்சம் வைக்கிறனான்.”

“எவ்வளவு?”

“ஓர் அகப்பை.”

“ஆருக்கு?”

அவள் தெருவின் முனையைப் பார்த்தாள். சபா அண்ணை மறுபடி கேட்கவில்லை. இரண்டாம் தரம் கேட்கக்கூடாத கேள்வி எது என்று தெரிந்த கரையிலிருந்து வந்தவர். “அப்ப பென்சன் எடுக்கிற மட்டும் எனக்கு வேலை நிச்சயம்,” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

அவர் யாருக்கும் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு கிழமைக்குள் ஊருக்கே தெரிந்திருந்தது, ஏனென்றால் எல்லோர் வீட்டிலும் யன்னல் இருந்தது, எல்லா யன்னலிலிருந்தும் வெதுப்பகக் கூரை தெரிந்தது. ஒருவரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. ஊர்த் தலைவர் சபையைக் கூட்டி, ஒரு மனுசியின் சட்டிக்குள் எட்டிப் பார்க்கச் சபைக்கு அதிகாரமில்லை என்று தீர்மானம் எழுதினார். அதற்கடுத்த வரியில், உயிர்த்த ஞாயிறோடு மூடவேண்டிய சூப் மண்டபத்தைக் குளிர் தீரும்வரை திறந்து வைப்பதென்றும் எழுதினார். மரியாதையான சனம். மதியம் மண்டபத்துக்கு முன்னையைவிடப் பெரிய கோப்பைகளோடு வந்தார்கள், மூன்றாம் தரம் நாலாம் தரம் வாங்கிக் குடித்தார்கள், “இன்னும் கொஞ்சம் கிடக்கோ, தவா?” என்று கேட்டார்கள், கிடந்ததை வாங்கிக்கொண்டு, வயிற்றைத் தடவியபடி பெருமூச்சோடு போனார்கள். நாற்பது கரண்டிகள் நாற்பது கோப்பைகளைச் சுரண்டுகிற சத்தம் அவளுக்குப் பல்லில் கூசியது. அவள் குசினிக்கும் வாசலுக்குமாக நடந்தாள். எவ்வளவு பேர் எவ்வளவு குடித்தாலும் அந்த ஓர் அகப்பையை அவள் முதலிலேயே எடுத்து வைத்திருந்தாள்.

ஜூன் மூன்றாம் கிழமை, பாத்திரம் கழுவி முடித்த பின்னேரம், ஹன்னலோர் மூன்று மாடி ஏறி முதல் தடவையாக அவள் அறைக்கு வந்தாள். வந்து கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். யன்னல் விளிம்பில் மூடி போட்ட சட்டி இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்க்காமல் இருந்தார்கள்.

“எர்வினுக்கு இண்டைக்கு நூற்றுப்பத்து நாள்,” என்றாள் ஹன்னலோர்.

எர்வின் அவள் புருசன். மார்ச் முதலாம் தேதி, உறக்கத்தில் போய்விட்டார். சேமக்காலையில் குழி வெட்டப் போனவர்களின் மண்வெட்டி வளைந்தது, இயந்திரம் கொண்டுவந்தபோது அதன் பல் உடைந்தது. நிலம் இரும்பாயிருந்தது. அதனால் பெட்டியைச் சேமக்காலை ஓரத்துச் சின்னக் கோயிலுக்குள் வைத்திருந்தார்கள், ஹன்னலோர் தினமும் மண்டபத்துக்குப் போகுமுன் அங்கே போய், இன்றைக்கு என்ன சூப் என்று அவருக்குச் சொல்லிவிட்டு வந்தாள்.

“அந்த மனுசனுக்குக் குளிர் ஒத்துவராது. ஆடிக் கோடையிலயும் காலுறை போட்டுத்தான் படுக்கிறது,” என்றாள். பிறகு, “நான் உன்னட்ட ஒண்டும் கேக்க வரேல்ல. ஆருக்கு எண்டு மட்டும் சொல்லு.”

தவமலர் நின்றபடியே சொன்னாள்.

“தம்பிக்கு. வாகீசன். அப்ப இருபத்தாறு வயசு. சண்டை முடியிற மாதம், கடற்கரையில தறப்பாளுக்குக் கீழ இருந்தனாங்கள். கஞ்சி குடுக்கிற இடத்தில அரை நாள் வரிசையில நிண்டு வாங்கிக்கொண்டு வந்தான். ஆளுக்கு ஓர் அகப்பைதான். நீ குடி அக்கா, நான் தண்ணி எடுத்துக்கொண்டு வாறன் எண்டு போனான். என்ர பங்கை நான் குடிச்சன். இருந்தன். பொழுது பட்டுது. ஆறினால் பழுதாப்போகும் எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டு அவன்ர பங்கையும் குடிச்சன். பழுதும் இல்லை ஒண்டும் இல்லை. பசி. விரலால வழிச்சு நக்கினன், ஹன்னலோர். அவன் வரேல்ல.”

கீழே வெதுப்பகத்தில் தட்டுகள் அடுக்கும் சத்தம் கேட்டது.

“உங்கட ஊரில கோப்பையைத் துடைச்சால் வெயில் வரும்,” என்றாள் தவமலர். “எங்கட சட்டியைத் துடைச்சால் ஆள் வராது.”

ஹன்னலோர் தன் பெரிய கைகளை மடியில் வைத்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அகப்பை இல்லாமல் அவை என்ன செய்வதென்று தெரியாமல் கிடந்தன. “நான் எர்வினுக்குக் கடைசியா வைச்ச சூப்பில உப்பில்லை,” என்றாள் கடைசியில். “பிறகு நான் குடிக்கேக்கதான் தெரிஞ்சுது. ஒரு சொல்லுச் சொல்லேல்ல அந்த மனுசன். ரொட்டியால துடைச்சுக் குடிச்சிட்டு, நாளைக்கு வெயில் வரும் எண்டு சொல்லிட்டுப் போய்ப் படுத்தார்.”

எழும்பிக் கதவடியில் நின்றாள். “நான் கேக்கேல்ல, தவா. கேட்டதா நினைச்சிராத.”

படிகளில் அவள் காலடி ஒவ்வொன்றாக இறங்கி முடியும்வரை தவமலர் நின்றாள். பிறகும் நின்றாள். செவ்வாய்க்கிழமை, உருளைக்கிழங்குச் சூப். மூடியைத் திறந்தாள், மூடினாள், வாசல்வரை போனாள், வந்தாள், திறந்தாள். குளிர்ந்து களியாக இறுகி, மேலே மர்ஜோரம் கறுத்துக் கிடந்தது. கட்டிலின் விளிம்பில் குந்தி முதல் கரண்டியை வாயில் வைத்தாள். அது தொண்டையில் நின்று, போகவும் மாட்டேன் வரவும் மாட்டேன் என்றது. நூற்றுப்பத்து நாள் நிலத்துக்கு மேலே கிடக்கிற ஒரு மனுசனை நினைத்தாள், அவர் காலுறையை நினைத்தாள், விழுங்கினாள். கடைசியில் ஒரு ரொட்டித் துண்டை எடுத்து, அந்த ஊர்ச் சனம் செய்வதுபோலச் சட்டியைச் சுற்றித் துடைத்து, அதையும் வாயில் போட்டாள். “கோவிக்காதை,” என்றாள். யாருக்கு என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை.

விடியும்போது ஊர் முழுவதும் தண்ணீர் பேசிக்கொண்டிருந்தது. கூரையிலிருந்து ஒழுகி, குழாய்களில் ஓடி, படிகளில் குதித்து, தெருவை நிறைத்துக்கொண்டு எட்டு மாதப் பனி நாலாவது பக்கத்தால் வெளியேறியது. எட்டு மாதம் காத்திருந்த வசந்தமும் கோடையும் ஒரே கிழமைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வந்தன. காலையில் பூத்த ஆப்பிள் பின்னேரம் காய்த்தது, நாரைகள் காலுறைகளை உதறி எறிந்தன, தேனீக்காரர் பெட்டிகளை வெளியே வைத்துவிட்டுத் தூக்கமில்லாமல் கண் சிவந்து திரிந்தார். வெள்ளிக்கிழமை எர்வினைப் புதைத்தார்கள். மண் கறுத்து, மெத்தென்று, கேக் போல வெட்டுப்பட்டது. பிறகு மண்டபத்தில் இழவுச் சாப்பாடு. தவமலர் எலும்புச் சாறு வைத்தாள், ரவை உருண்டை போட்டாள், எல்லோரும் துடைத்துக் குடித்தார்கள், மறுநாள் வெயில் இன்னும் உரமாக எறித்தது. சனம் அவளைக் கண்டால் தொப்பியைத் தூக்கியது. ஒருவரும் எதற்கென்று சொல்லவில்லை.

அவளுக்கோ கை ஓரிடத்தில் நிற்கவில்லை. மண்டபத்தை மூடியாயிற்று, வேலையில்லை. வெறும் சட்டியை ஒரு நாளைக்கு இருபது தரம் திறந்து பார்த்தாள். ஊருக்குள் நடந்தாள், ஊரைச் சுற்றி நடந்தாள், மலையடிவரை நடந்து திரும்பினாள். இப்போது புல்லு வெட்டும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த சபா அண்ணை நிறுத்திக் கேட்டார்.

“என்ன தங்கச்சி, வெயிலும் உனக்கு ஒத்துவரேல்லையோ?”

“இரண்டு தரம் குடிச்சிட்டன் அண்ணை,” என்றாள் அவள். “அவன்ர பங்கை. முதல் தரம் பசி. இந்தத் தரம் பசிகூட இல்லை.” பிறகு, “திங்கக்கிழமை பஸ் எத்தனை மணிக்கு?”

அவர் வண்டியின் எஞ்சினை அணைத்தார். “எட்டேகால்,” என்றார்.

ஜூலை மாதத்தின் ஒரு திங்கட்கிழமை, எட்டு மணிக்கு, தவமலர் பெட்டியோடு பஸ் தரிப்பில் நின்றாள். எங்கே போவதென்று தீர்மானித்திருக்கவில்லை. வானம் ஒரு துளி அழுக்கில்லாமல் நீலமாயிருந்தது. அப்போதுதான் கண்டாள்: ஆற்றங்கரைப் பக்கம் ஒரே ஒரு கூரைக்கு மேலே, மடித்த போர்வை அளவில், சாம்பல் நிறத்தில் ஒரு முகில். அதிலிருந்து பனி விழுந்தது. அந்த வீட்டு வளவுக்குள் மட்டும், வேலிக்கு இந்தப்பக்கம் ஒரு துளியும் சிந்தாமல், ஒழுங்காக விழுந்தது. அது ஹன்னலோரின் வீடு.

அவள் பெட்டியைத் தரிப்பிலேயே விட்டுவிட்டுப் போனாள். ஹன்னலோர் குளிர்கோட்டுப் போட்டு, குடை பிடித்து, தக்காளிச் செடிகளுக்கு மேலே சாக்கு விரித்துக்கொண்டிருந்தாள்.

“சூப் மிஞ்சிப்போச்சு,” என்றாள் திரும்பாமலே.

“உங்களுக்கோ?”

“வயசு போனால் பசி குறையும். ஏன், உனக்கு மட்டுந்தான் மிச்சம் வைக்கத் தெரியுமோ?”

குசினி யன்னலில் ஒரு சட்டி இருந்தது. தவமலர் மூடியைத் தூக்கினாள். பட்டாணிச் சூப், சரியாக ஓர் அகப்பை.

“பன்றி இறைச்சி அவனுக்குச் சரிவருமோ தெரியேல்ல,” என்றாள் ஹன்னலோர். “அதை எடுத்துப்போட்டுத்தான் வைச்சனான்.”

எட்டேகால் பஸ் வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, போனது.

அதற்கு அடுத்த நாள் முகில் ஊர்த் தலைவரின் கூரைக்கு மேலே நின்றது. அதற்கடுத்த நாள் தேனீக்காரர் வீட்டில். ஆகஸ்டில் மண்டபப் பலகையில் ஒரு பட்டியல் ஒட்டினார்கள்: ஒரு நாளைக்கு ஒரு வீடு, ஒரு வீட்டுக்கு ஓர் அகப்பை, மற்றவர்கள் எல்லோரும் வழக்கம்போலத் துடைத்துக் குடிக்க வேண்டும். வைக்கோல் காயப்போட்டவர் கலியாண வீட்டுக்காரரோடு நாளை மாற்றிக்கொண்டார். உடுப்புத் தோய்க்கிற நாள் பார்த்து முறை வந்துவிட்டதென்று இரண்டு பெண்கள் சண்டை போட்டு ஒரு மாதம் பேசாமல் இருந்தார்கள். கோடை நடுவே தங்கள் வளவில் சறுக்கி விளையாடலாம் என்று பிள்ளைகள் தங்கள் வீட்டு முறைக்கு நாள் எண்ணினார்கள். ஹன்னலோர் சொல்லிக் கேட்ட வாகீசன் என்ற பெயர் அவர்கள் நாக்கில் சுருங்கி ‘வாக்கி’ ஆகியது. “இண்டைக்கு வாக்கி ஆர் வீட்டை?” என்று சந்தியில் ஒருவரையொருவர் கேட்டார்கள். தவமலர் விடியக்காலை யன்னலைத் திறந்து, கூரைகளுக்கு மேலே அந்தச் சாம்பல் போர்வையைத் தேடி, கண்டுபிடித்த பிறகுதான் தேநீர் வைப்பாள். ஊர் விட்டு ஊர் அலையாமல், ஓர் ஊருக்குள்ளேயே வீடு விட்டு வீடு அலைகிறான் என்று நினைப்பாள்.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை வெதுப்பகத்தின் முறை. பனிச் சத்தத்தோடு எழும்புவோம் என்று நினைத்துப் படுத்தவள், மறுநாள் கண் திறந்தபோது வெயில் கட்டிலில் கிடந்தது. யன்னல் காய்ந்திருந்தது. அவள் இருநூற்றுப் பன்னிரண்டு கூரைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எந்தக் கூரைக்கு மேலும் ஒன்றும் இல்லை.

கீழே இறங்கிப் போனாள். வெதுப்பகக்காரரின் மனைவி உர்சுலா அடுப்புக்கு முன்னால் மாவுக் கையோடு நின்றாள். “நான் வைச்சனான், தவா,” என்றாள். “பருப்புச் சூப். சத்தியமா வைச்சனான். இவரும் தொடேல்ல, நானும் தொடேல்ல.” சட்டி அடுப்புக் கல்லில், மூடி போட்டபடி இருந்தது. தவமலர் மூடியைத் தூக்கினாள். உள்ளே ஒன்றும் இல்லை. சுற்றிவர ரொட்டியால் துடைத்திருந்தது. அடியில் ஒரு ரொட்டித் துகள் ஒட்டியிருந்தது.

காலை ரொட்டிக்கு வந்த சபா அண்ணை அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். “பூனையாயிருக்கும், தங்கச்சி,” என்றார் மெதுவாக.

“பூனை மூடியைத் திருப்பி மூடுமோ அண்ணை?”

கடைக்குள் ஆட்கள் சேர்ந்தார்கள். ஒருவர் சட்டியை வாங்கிப் பார்த்து அடுத்தவரிடம் கொடுத்தார். யாரோ வினாகிரி விட்டிருந்தீர்களா என்று கேட்டார்கள். விட்டது என்றாள் உர்சுலா. அப்ப சரி என்றார்கள். நான் படுத்திருந்த கட்டிலுக்கு நேர் கீழே வந்திருக்கிறான் என்று தவமலர் நினைத்தாள். சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. கூப்பிடவும் இல்லை. பக்கத்தில் இருந்த கதிரையை இழுத்து, முதுகு சாய, முழுதாக உட்கார்ந்தாள்.

அன்றைய முறை தபால்காரி வீட்டில். அவள் ரொட்டிப் பையை அணைத்துக்கொண்டு, எப்படிக் கேட்பதென்று தெரியாமல் கேட்டாள். “அப்ப, தவா, நாங்கள் இண்டைக்கு வைக்க வேணுமோ, வேண்டாமோ?”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். தவமலர் சட்டியைத் திருப்பி வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“வையுங்கோ,” என்றாள். “இரண்டு அகப்பையா வையுங்கோ. அவனுக்கு ஒண்டு காணாது.”